வாங்குவோர் மனமறிதலே வாணிகத்தின் மூலம்

(வில்லியனூரில் கூடிய குலாலர் மரபினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைப்பேசி வாயிலாக நம் மட்பாண்டங்களை விற்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு சபையார் எமக்குக் கட்டளையிட்டனர். கைப்பேசியைப் பற்றிக் கூறுமுன், அதன் மறுமுனையில் இருப்பவரைப் பற்றிக் கூறுவது அவசியமென்று கருதுகின்றோம்.

நம் குலதிலகமாகிய திருநீலகண்ட நாயனார் சரித்திரம் அறியாதார் இவ்வவையில் இலர். சிவயோகியார் ஒப்புவித்த ஓடு காணாமற்போனபோது, அதனினும் நல்ல ஓடு தருவதாக நாயனார் வேண்டினார். யோகியாரோ, பொன்னால் செய்து தரினும் வேண்டேன் என்று மறுத்தார். பக்தியின் பொருட்டு எழுந்த இச்சரித்திரத்தில் தொழிலாளர்க்கும் ஒரு பாடமுண்டு. நாம் சிறந்ததென்று எண்ணுவது வேறு. கேட்பவர் வேண்டுவது வேறு.

முற்காலத்தில் வில்லியனூரிலும் பாகூரிலும் வாங்குவோர் நம் வாசலுக்கே வந்தனர். பானையைச் சுண்டி ஓசை கேட்டனர். குறையிருப்பின் முகத்துக்கெதிரே உரைத்தனர். இன்று படத்தை மட்டும் காண்பவர் சுண்டவும் இயலாது, தூக்கிப் பார்க்கவும் இயலாது. ஆதலின் அவருடைய கைக்கும் காதுக்கும் ஈடாக நம் சொல் நிற்றல் வேண்டும்.

அச்சொல் யாது? "தொன்மையான கலை, அழகிய வேலைப்பாடு" என்று எழுதிவிடுகின்றோம். சென்னையிலுள்ள இல்லத்தரசியோ, சட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், எரிவாயு அடுப்பில் வைக்கலாமா, முதற் சமையலுக்கு முன் எவ்வாறு பழக்குவது, வழியில் உடைந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறார். மின்தூண்டல் அடுப்பில் மண்சட்டி சூடேறாது. அதனை முன்னரே சொல்லிவிடுவதும் நல்வாணிகமே. செடி வளர்ப்பவர்க்குத் தொட்டியின் அடியில் துளை வேண்டும். சுற்றுலா வந்தவர்க்குப் பொம்மை பைக்குள் அடங்க வேண்டும். ஒரே களிமண், தேவைகளோ பல.

கூர்ஜர தேசத்து வாங்கானேரில் தொழில் நடத்திய, குயவர் மரபினரான மன்சுக்பாய் பிரஜாபதி என்பாரை நோக்குங்கள். 2001-ஆம் ஆண்டு பூகம்பத்தில் உடைந்த மண்குடத்தின் படத்தை வெளியிட்ட பத்திரிகையொன்று, அதனை ஏழையின் குளிர்ப்பெட்டி என்று குறித்தது. அச்சொல்லில் அவர் மக்களின் தேவையைக் கண்டார். மேலே ஊற்றிய நீர் பக்கங்களிற் கசிந்து ஆவியாக, உள்ளிருக்கும் காய்கறி குளிரும் களிமண் பெட்டியைச் செய்தார். அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. 'மிட்டிகூல்' என்னும் பெயர் பின்னர்ப் பரவியது. தேவையை அறிந்ததே முன்னர் நிகழ்ந்தது.

நமக்கும் பெயர் இல்லாமல் இல்லை. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இவ்வூர்க் கலைஞர் முனுசாமி அவர்கள் 2020-இல் பத்மஸ்ரீ விருதுக்குரியவரானார். ஆயினும் பெயர் வாங்குவோரை வாசல் வரையில்தான் அழைத்து வரும். வேற்றூர்ப் பாண்டத்தை இவ்வூர்ப் பெயரால் விற்போமாயின், அவ்வாசலும் அடைபடும்.

இன்று இடைநின்று விற்போர் இலாபம் பெறுகின்றனர். சக்கரம் சுற்றுவோர் கூலி பெறுகின்றனர். வாங்குவோர் கேள்விகள் அவர்களிடம் செல்வதும் இதற்கொரு காரணமாகும். இந்நிலை நீடிப்பின், நம் பிள்ளைகள் சக்கரத்தைத் தொடாமல் ஆலை வேலை தேடிச் செல்வதை எங்ஙனம் குறை கூறுவது?

ஆகவே ஒரு விண்ணப்பம். வீடுதோறும் ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள். கைப்பேசியில் வரும் கேள்விகளையும், திரும்பி வந்த பாண்டத்தின் காரணத்தையும் அதில் எழுதுங்கள். கட்டி அனுப்பும் வேலையைச் செய்யும் பெண்மக்களே இவற்றை நன்கறிவர்; அவர்களைக் கேளுங்கள். மாதமுடிவில், மிகுதியாக வந்த கேள்விக்குரிய விடையைப் படத்தின் கீழ் முதல் வரியாக இடுங்கள். பாண்டத்தின் அருகே ஒரு கையை வைத்துப் படமெடுங்கள். அளவு தானே விளங்கும். வாலிபர்கள் எழுதட்டும், முதியோர் விடை சொல்லட்டும்.

மண்ணின் பதமறிந்தே சக்கரத்தில் ஏற்றும் நாம், வாங்குவோர் மனத்தின் பதத்தையும் அறிந்து தொழில் செய்வோமாக.