உட்பகையும் உடற்காவலும்



வேற்றூரிலிருந்து வந்து புகுந்த கள்வனைக் காவலர் எளிதில் அறிந்துகொள்வர். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவன் கள்வனாக மாறினால் அவனை அறிவது எங்ஙனம்? புற்றுநோயின் முன்னிலையில் நமது உடல் எதிர்நோக்கும் வினா இதுவேயாகும். நோய்க்கிருமிகள் அன்னியர், புற்றுக்கழலையோ நம் சொந்தக் கலங்களிலிருந்தே தோன்றுவது.

நமது குருதியில் உலவும் வெண்குருதிக் கலங்களுள் ‘ரி’ கலங்கள் என்று ஒரு வகை உண்டு. அவை நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலையே தாக்க முற்படுபவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. இச்சுரப்பியின் இன்றியமையாமையை 1961ஆம் ஆண்டில் இலண்டனில் ஆராய்ச்சி செய்த ஜாக் மில்லர் என்பார் எடுத்துக்காட்டினார்.

உடற்கலங்களுட் பெரும்பாலானவை, தம்முள்ளே ஆக்கப்படும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. இத்துணுக்குகளைக் கலத்தின் அடையாள அட்டை எனலாம். பரம்பரை அலகுகளிற் பழுது நேர்ந்த கலத்தின் அட்டையில் வழக்கத்துக்கு மாறான துணுக்குத் தோன்றக்கூடும். அதனை இனங்காணும் ரி கலம், அக்கலத்தின் மென்சவ்வைத் துளைத்து, நச்சுப் புரதங்களை உட்செலுத்தி அதனை மாய்க்கின்றது. அட்டையையே மறைத்துத் தப்ப முயலும் கலங்களைத் தாக்குவதற்கோ ‘இயற்கைக் கொல்லிகள்’ எனும் வேறு கலங்கள் உள.

இத்துணைக் காவலிருந்தும் கழலை வளர்வதேன்? ரி கலங்கள் கட்டுக்கடங்காது போயின் நம்மையே அழித்துவிடும். ஆதலின் அவற்றை அடக்கும் தடைகளும் உடலில் அமைந்துள்ளன. புற்றுக்கலம் இத்தடைகளைத் தனக்குக் கேடயமாக்கிக் கொள்கின்றது. அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனும் யப்பானியரான தசுக்கு ஹொஞ்சோவும் இத்தகைய இரு தடைகளை ஆராய்ந்தனர். ஒரு தடையை நீக்கியதும் எலிகளின் கழலைகள் மறைந்தமையை அலிசன் 1996இல் வெளியிட்டார். அவ்வழியில் உருவான மருந்தொன்று, மெலனோமா எனும் கொடிய தோற்புற்றுக்கென 2011இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அறிஞர் இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

எனினும், தடையை நீக்குதல் எளிய காரியமன்று. கட்டவிழ்ந்த காவல் சிலருக்குக் குடலையும் ஈரலையும் சுரப்பிகளையும் தாக்கிவிடுகின்றது. வேறு பலருக்கு இம்மருந்துகள் பயனளிப்பதுமில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், ‘எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கிப் புற்றைப் போக்கும்’ என விற்கப்படும் சூரணங்களின் தன்மை தானே விளங்கும். காவலுக்கு வலிமை இருந்தும், பகையை அறிய முடியாமையாலும் தடைப்பட்டு நிற்பதாலுமே பல வேளைகளில் அது தோற்கின்றது. அத்தகைய சூரணங்களை நம்பிக் காலங்கழிப்போர் இழப்பது, கழலை சிறிதாயிருக்கும் நாள்களையே. ஆறாத புண்ணையோ வளரும் கட்டியையோ கண்டவர் தாமதியாது வைத்தியரை நாடுவாராக.