அலைமேல் மடிக்கணினி



மடிக்கணினி என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறோம். மடியில் வைத்துப் பணிபுரியத் தக்க கணினி என்பது அதன் பொருள். நிலத்தில் இந்தப் பெயர் பொருத்தமானதே. வீட்டுத் திண்ணையிலும், கல்லூரி நூலகத்திலும், ஓடுகின்ற ரயில் வண்டியிலும்கூட அது நம் மடியில் அடக்கமாக அமர்ந்திருக்கும். ஆனால் ஒரு சிறிய பாய்மரப் படகில் ஏறிக் கடலுக்குள் சென்றால், மடி என்பதே நிலையற்ற ஓர் இடம் என்பது கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். அங்கே அமர்ந்திருப்பவனே ஒரு கையால் படகைப் பற்றிக்கொண்டிருப்பான். அவன் மடியில் வைத்த பொருளை யார் பற்றுவது?

பாய்மரப் படகில் மடிக்கணினியை எவ்வாறு நிலைநிறுத்துவது, நிறுத்திய பின் அதன் திரையை எவ்வாறு பார்ப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இது மிகச் சிறிய செய்தி என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஓர் இரவில் அந்த எண்ணம் மாறிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில், என் நண்பர் ஒருவர் தம்முடைய பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து மங்களூருக்குப் புறப்பட்டார். பத்து மீட்டர் நீளமுள்ள படகு அது. என்னையும் உடன் வருமாறு அழைத்தார். சுக்கான் பிடிப்பது அவர் வேலை. கடற்படத்தைப் பார்த்து வழி சொல்வது என் வேலை. கடற்படம் கணினிக்குள் இருந்தது. செயற்கைக் கோள்களிலிருந்து வரும் குறிப்பைக் கொண்டு நம் இருப்பிடத்தைக் கணிக்கும் ஜி.பி.எஸ். கருவியை அதனுடன் இணைத்துவிட்டால், திரையில் தெரியும் கடலின் மீது நம் படகு ஒரு சிறு குறியாக ஊர்ந்து செல்வதைக் காணலாம். வேடிக்கையான காட்சி அது. நான் அதை வேடிக்கையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்று வடமேற்கிலிருந்து வீசியது. நாங்கள் செல்ல வேண்டியதும் ஏறக்குறைய அதே திசை. காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரப் படகும் செல்ல இயலாது. சிறிது தூரம் மேற்கே ஆழ்கடலை நோக்கியும், பிறகு திரும்பி வடக்கே கரையை நெருங்கியும், இப்படி மாறி மாறி வளைந்தே முன்னேற வேண்டும். காற்று வலப்புறமிருந்து வரும்போது படகு இடப்புறம் சாயும். திரும்பியதும் சாய்வும் மாறி வலப்புறம் விழும். நான் கணினியைப் படகின் அறைக்குள் இருந்த மேசைமேல் வைத்து, இடப்புறத்து விளிம்பில் நன்றாக அண்டக் கொடுத்திருந்தேன். படகு இடப்புறம் சாய்ந்து ஓடிய மூன்று மணி நேரமும் அது அசையவில்லை. ஆகவே அது நிலையாக இருக்கிறது என்று நம்பினேன்.

இரண்டாம் நாள் மாலை கோழிக்கோட்டைக் கடந்தோம். அதற்கு வடக்கே, கரையை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி, வெள்ளியாங்கல்லு என்னும் பாறை கடலின் நடுவே தனித்து நிற்கிறது. இருள் கவிந்துவிட்டது. மணி எட்டு இருக்கும். நண்பர் கரைப்பக்கமாகப் படகைத் திருப்பினார். பாய் படபடவென்று அடித்து மறுபுறம் நிறைந்தது. படகு வலப்புறம் சாய்ந்தது. மறுகணம் என் கணினி வழுவழுப்பான மேசையில் சறுக்கிப் பறந்து, அறையின் தரையில் மோதி, இருண்டு போயிற்று.

மேலேயிருந்து நண்பர் கேட்டார்: “பாறை எந்தப் பக்கம் இருக்கிறது? நாம் எங்கே இருக்கிறோம்?”

என்னால் விடை சொல்ல இயலவில்லை. திரை கண்ணெதிரே இருக்கும்போது எழுதி வைப்பானேன் என்று, இரண்டு மணி நேரமாகக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்த கைப்பேசி எங்கள் இருப்பிடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எண்களாகக் காட்டியது. ஆனால் அந்த எண்களைக் காகிதக் கடற்படத்தில் அளவுகோல் வைத்துக் குறிப்பதற்கு, ஆடுகின்ற படகில், பழக்கமில்லாத எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஐந்து நாட் வேகத்தில் செல்லும் படகு பத்து நிமிடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் கடந்துவிடும். நல்ல வேளையாக, நண்பர் என் விடைக்காகக் காத்திருக்கவில்லை. வந்த வழியில் பாறை இல்லை என்பது ஒன்றுதான் உறுதியாகத் தெரிந்தது. ஆகவே படகைத் திருப்பி மீண்டும் ஆழ்கடலை நோக்கிச் செலுத்திவிட்டார். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மங்களூர் சேர்ந்ததும் நாங்கள் இருவரும் ஒரு தச்சரின் உதவியோடு இந்தச் சிக்கலை அடியிலிருந்து ஆராய்ந்தோம். முதற் கேள்வி, பொருள் ஏன் சறுக்குகிறது என்பது. இது உங்கள் பௌதிக வகுப்பில் வரும் சாய்தளக் கணக்கே. மேசை 20 பாகை சாய்ந்தால், பொருளின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதைச் சரிவில் இழுக்கிறது. 30 பாகை சாய்ந்தால் சரியாகப் பாதி இழுக்கிறது. காற்றுக்கு எதிராகச் செல்லும் படகில் 20 பாகைச் சாய்வு அன்றாட நிகழ்ச்சி. இதற்குமேல் அலையின் குலுக்கல் வேறு. ஆகவே உராய்வை மட்டும் நம்பியிருக்கலாகாது.

பழைய மாலுமிகள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், கண்டிருந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்களை அச்சில் பொருத்தி, அவற்றின் நடுவே திசைகாட்டியைத் தொங்கவிட்டார்கள். கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் திசைகாட்டி மட்டமாகவே நிற்கும். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் இந்த அமைப்பு வழங்கப்படுகிறது. ஆயினும் அவருக்கு மிக முற்பட்டது அது. பிற்காலத்துக் கப்பற் கடிகாரங்களும் இவ்வாறே பெட்டிக்குள் தொங்கின. ஆனால் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் செய்த புகழ்பெற்ற கடிகாரம், 1761ஆம் ஆண்டு ஜமைக்காவுக்குப் புறப்பட்டபோது, வளையத்தில் தொங்கவில்லை. பெட்டிக்குள் ஒரு மெத்தையின் மீது படுத்திருந்தது. ஒரே கடலில் இரண்டு கருவிகளுக்கு இரண்டு வகை இருக்கை! கருவியின் இயல்பை அறிந்தே அதற்கு இருக்கை அமைக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

மடிக்கணினியின் இயல்பு என்ன? திசைகாட்டியின் முள் மட்டமாக நின்றால்தான் சரியாகச் சுழலும். அடுப்பின் மேலுள்ள குழம்பு மட்டமாக நின்றால்தான் சிந்தாது. கணினிக்கு அத்தகைய தேவை எதுவும் இல்லை. தொங்கவிட்டாலோ, விசையைத் தொட்டவுடன் ஊஞ்சல்போல் ஆடும். பார்ப்பவனுடைய உடலும் படகோடு சேர்ந்துதான் சாய்கிறது. ஆகவே திரையும் அவனோடு சேர்ந்து சாய்வதே நல்லது. அதைப் படகின் உடலோடு ஒன்றாகக் கட்டிவிடுவதே முறை என்று முடிவு செய்தோம்.

முதலில் இடம். அணியம் அலையில் ஏறி இறங்கும், அமரமும் அவ்வாறே. படகின் நடுப்பகுதியில்தான் ஆட்டம் குறைவு. அங்கே, மாடிப்படியின் வழியாக வரும் நீர்த்திவலை படாத ஓரமாக இடம் தேர்ந்தோம். அடுத்துத் தட்டு. நான்கு புறமும் விரற்கடை உயரத்துக்கு விளிம்பு வைத்த மரத்தட்டு ஒன்றைத் தச்சர் செய்தார். ஒருபுற விளிம்பின் குறையை நான் முன்னமே அனுபவித்துவிட்டேன் அல்லவா? தட்டை மேசையோடு ஊடுருவும் போல்ட்டுகளால் முடுக்கினோம். உள்ளே ரப்பர் விரிப்பு. அதில் காற்றுப் போக இடைவெளி, ஏனெனில் கணினி தன் வெப்பத்தை வெளியே விட வேண்டும். விசைப்பலகையின் இரு ஓரங்களிலும் இரண்டு வார்ப்பட்டைகள். மூடியாக இருக்கும் திரைதான் மிக மெலிந்த உறுப்பு. குலுக்கலில் அதன் கீலே முதலில் முறியும். அதனால் மூடியின் இரு மூலைகளையும் பின்பலகையோடு இழுத்துப் பிடிக்கும் சிறு தாங்கிகளை அமைத்தோம்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. கணினியின் ஒலிபெருக்கியிலும், பல கணினிகளின் மூடியிலும் காந்தம் இருக்கிறது. திசைகாட்டிக்கு அருகில் அதை வைத்தால் முள் பொய் சொல்லும். ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்து, கணினியை அகற்றியும் வைத்தும் முள் அசைகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலில் அந்த அளவு ஈரம் சாதாரணம். ஆகவே ஒருமுறை படிந்த உப்பு உலர்வதே அரிது; நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். மூன்றாவது, நினைவகம். சுழலும் தட்டுள்ள பழைய வகையைவிட, அசையும் உறுப்பே இல்லாத வகை அதிர்ச்சியைத் தாங்கும்.

இனிப் பார்வை. பகலில் வெயிலின் ஒளிக்கு முன் திரையின் ஒளி தோற்றுவிடும். நிழலில் வைப்பதே வழி. ஒளியைக் கூசாமல் வடிகட்டும் ஒருவகைக் கறுப்புக் கண்ணாடியை மாலுமிகள் அணிவது வழக்கம். அதை அணிந்து திரையைப் பார்த்தால், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் திரை முற்றும் கறுத்துவிடும்! திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. கண்ணாடி வேறொரு தளத்து ஒளியை மட்டுமே விடுவது. இரண்டும் செங்குத்தாக அமைந்தால் இருள்தான். கணினி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டா. தலையைச் சற்றே சாய்த்தால் படம் மீண்டும் தோன்றும்.

இரவிலோ தொல்லை வேறு வகை. நம் கண் இருளுக்கு நன்கு பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெளிச்சமான திரையை ஒரு கணம் பார்த்தால் அந்தப் பழக்கம் போய்விடும். எதிரே வரும் மீன்பிடி படகு தெரியாது. ஆகவே ஒளியை மிகக் குறைத்து, திரையின்மேல் சிவப்புத் தாளை இடுவார்கள். சிவப்பு ஒளி இருட்பார்வையை அதிகம் கெடுப்பதில்லை. ஆனால் இங்கும் ஒரு பொறி இருக்கிறது. கடற்படத்தில் கலங்கரை விளக்கம் முதலிய முக்கியமான குறிகள் பல, மஜெந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு நிறத்தில் இருக்கும். சிவப்பு ஒளியில் அந்த நிறம் வெண்மையோடு கலந்து மறைந்துவிடும். கண்ணைக் காக்கச் செய்த ஏற்பாடே குறியை மறைக்கும். இதை அறிந்தவன் மங்கலான வெள்ளொளியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வான்.

இவையனைத்தும் செய்த பிறகும் ஒன்று எஞ்சுகிறது. 2014ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், உலகைச் சுற்றும் வால்வோ பெருங்கடற் போட்டியில் ஈடுபட்டிருந்த ஒரு படகு, இந்துமாக்கடலில் மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கரஜோஸ் என்ற பவளத் திட்டின்மேல் இருளில் மோதிற்று. தேர்ந்த மாலுமிகள், சிறந்த கணினிகள், யாவும் உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்தன. ஆயினும் மின்கடற்படத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. சிறு அளவில் வைத்துப் பார்த்தபோது, அந்தத் திட்டின் ஆபத்து திரையில் புலப்படவில்லை. நல்ல வேளையாகப் படகிலிருந்த ஒன்பது பேரும் உயிர் பிழைத்தனர். திரை அவர்கள் கண்ணெதிரேதான் இருந்தது. அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் பிழை நேர்ந்தது.

மாணவ நண்பர்களே, நான் என் கணினியைக் கட்டாமல் விட்டேன். அவர்கள் கட்டியதைப் பெரிதாக்கிப் பார்க்காமல் விட்டார்கள். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றே. திரை காட்டுவதைக் கடல் என்று நாங்கள் எண்ணிவிட்டோம். அது கடலைப் பற்றிய ஒரு குறிப்பு மட்டுமே.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் இருமுறை அதே படகில் சென்றிருக்கிறேன். தச்சர் செய்த தட்டு இன்றும் ஆடாமல் இருக்கிறது. அதன் பக்கத்தில் காகிதக் கடற்படம் ஒன்று விரித்திருக்கும். ஒரு பென்சில் நூலில் கட்டித் தொங்கும். மணிக்கு ஒருமுறை நேரத்தையும், இருப்பிடத்தையும், செல்லும் திசையையும், வேகத்தையும் நான் கைப்பட எழுதுகிறேன். எழுதிவிட்டு மேலே ஏறிச் சென்று, திரையில் கண்ட கரை விளக்கு உண்மையிலேயே அந்தத் திசையில் எரிகிறதா என்று என் கண்ணால் பார்க்கிறேன். நண்பர் இப்பொழுதும் சுக்கானில் இருந்தபடி, “நாம் எங்கே இருக்கிறோம்?” என்று கேட்பதுண்டு. கீழே இறங்கிச் செல்லாமலே என்னால் விடை சொல்ல முடிகிறது.