முஸ்தபா மறுபடி எழுந்த கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் செயலாளர். சம்பளத்துக்குச் செய்யும் வேலையைப் பற்றிப் பேசினால் முன்வரிசை தூங்கிவிடும். அதனால் சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யும் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். பழைய வீடியோ கேம் போர்டுகளை ரிப்பேர் செய்வது.

முஸ்தபா கேம் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லையே, பாதி ஹால்! ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன். அதன் நிஜப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. ஆடக்கூடிய நான்கு பேரில் ஒருவன் தொப்பி போட்ட முஸ்தபா. நம் ஊர்ப் பையன்கள் ஆங்கிலத் தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டார்கள்.

நான் ஸ்கூலில் படித்தபோது ராதா நகர் பக்கம் ஒரு சின்ன பார்லர் இருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். பஸ்ஸுக்குக் கொடுத்த காசை அங்கே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போயிருக்கிறேன். பிறகு செல்போன் வந்தது, பார்லர் போனது. நான் நம் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்துவிட்டு, 2013-இல் ஒரு நாள் அந்தப் பார்லர்காரரைக் குரோம்பேட்டை மார்க்கெட்டில் பார்த்தேன். "ஒரே ஒரு ஒரிஜினல் போர்டு பரண் மேல இருக்கு தம்பி. ஓடுது. ஆனா கலர் கொஞ்சம் விட்டுவிட்டு வருது. நீதான் இன்ஜினீயராச்சே, பாரேன்" என்றார்.

கலர்க் கோளாறு பெரிய விஷயமே இல்லை. கனெக்டரின் தகடுகள் கறுத்திருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன், சரியாயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். போர்டில் இரண்டு லித்தியம் பேட்டரிகள் இருந்தன. இருபது வருடப் பழசு. 'கசிந்தால் போர்டை அரித்துவிடுமே' என்று நல்லெண்ணத்தில் இரண்டையும் சால்டரிங் அயர்ன் வைத்துக் கழற்றி, புதிதாக இரண்டு வைத்தேன். பவர் போட்டேன். படம் இல்லை, சத்தமும் இல்லை. முஸ்தபா போய்ச் சேர்ந்துவிட்டான்.

பேட்டரி அங்கே கடிகாரத்துக்காக இருக்கவில்லை. கேமை யாரும் நகல் எடுக்கக் கூடாது என்பதற்கான பூட்டு அது. ஒலிப் பகுதியை நடத்தும் சிப் 'கபுகி'. உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த இசட்-80 பிராசஸர்தான். ஆனால் ஈப்ராமில் இருக்கும் புரோகிராம் ரகசிய எழுத்தில் இருக்கும். அதை அவிழ்க்கும் சாவி சில பைட்கள். அவை சிப்புக்குள் பேட்டரியின் தயவில் உயிர் வாழும். படத்துக்கான சிப்பின் அமைப்பு எண்களும் அப்படியே. பேட்டரி ஒரு கணம் விலகினால் எல்லாம் மறைந்துவிடும். புது பேட்டரி போட்டால் அவை திரும்பி வராது. பழையதைக் கழற்றும் முன்பே புதியதைப் பக்கத்தில் இணைத்திருக்க வேண்டும். அது தெரியாமல் கை வைத்தது என் குற்றம்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "போவுது தம்பி. பேட்டரி எப்படியும் ஒரு நாள் செத்திருக்கும். ஆனா கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம்ல?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

போர்டைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அது என் அலமாரியில் கிடந்தது. இதற்கிடையில் வெளிநாட்டு ஆர்வலர்கள் இந்தச் சிப்புகளைக் குடைந்து குடைந்து, அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒவ்வொன்றாக எழுதி வெளியிட்டார்கள். பணத்துக்காக அல்ல. நான் ஒரு ஆண்டு முழுக்கப் படித்தேன்.

முதலில் கபுகியை எடுத்துவிட்டுச் சாதாரண இசட்-80 போட முடிவு செய்தேன். 40 கால், கிட்டத்தட்ட அதே அமைப்பு. ஆனால் சாதா இசட்-80இல் மெமரி ரிஃப்ரெஷுக்கான 28-ஆம் கால், கபுகியில் பேட்டரிக்குப் போகிறது. அந்தக் காலை சாக்கெட்டில் செருகாமல் மடக்கிவிட வேண்டும். அடுத்தது இன்னும் சுவாரசியம். ரகசிய எழுத்தில் உள்ள ஒரே பைட், கட்டளையாகப் படித்தால் ஒரு விதமாகவும், டேட்டாவாகப் படித்தால் வேறு விதமாகவும் அவிழும். ஆக, அவிழ்த்த புரோகிராம் இரண்டு. இரண்டையும் இருமடங்கு பெரிய ஈப்ராமில் அடுத்தடுத்து எழுதி, இசட்-80இன் 27-ஆம் காலான எம்1-இலிருந்து ஈப்ராமின் மேல் அட்ரஸ் காலுக்கு ஒரே ஒரு ஒயர் இழுத்தேன். கட்டளை எடுக்கும்போது எம்1 தாழும், ஒரு பாதி வரும். மற்ற நேரத்தில் மறு பாதி. மைக்ரோபிராசஸர் லேபில் 8085 கிட்டோடு மல்லாடியபோது 'டைமிங் டயகிராம் எதற்கடா' என்று சலித்துக்கொண்டேனே, அது எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது.

முதலில் வாங்கிய இசட்-80 போலி. மேலே எழுத்து மட்டும் புதிதாக அடித்திருந்தார்கள். இரண்டாவது நல்லது. படத்துக்கான சிப்பில் அமைப்பு எண்கள் ஒவ்வொரு முறை பவர் போடும்போதும் மறுபடி எழுதப்படும்படி செய்தேன். ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு டைனோசார் கத்தியது. பக்கத்து வீட்டு மாமாவும் கத்தினார்.

இதெல்லாம் விளையாட்டுச் சாமான்தானே என்று நினைக்காதீர்கள். திருமுடிவாக்கம் சிட்கோ மாதிரி இடங்களில் சின்னப் பட்டறைகளில் பழைய சி.என்.சி. லேத்துகள் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் அளவீடுகளும் இதே மாதிரி ஒரு பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. மெஷினை ஆஃப் செய்துவிட்டு பேட்டரி மாற்றினால் எல்லாம் போய்விடும். ஆன் செய்து வைத்துத்தான் மாற்ற வேண்டும். அங்கே போவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. சிப்புகளும் நமக்காகக் காத்திருப்பதில்லை. 1976-இல் வந்த இசட்-80 சிப்பின் 40 கால் வடிவத்தை நிறுத்துவதாக ஜைலாக் நிறுவனம் 2024-இல் அறிவித்துவிட்டது. கிட்டத்தட்ட 48 வருஷ ஆயுள். கையிருப்பு தீர்ந்தால், அந்தச் சிப் என்ன செய்தது என்று தெரிந்தவன்தான் மாற்று வழி செய்ய முடியும்.

அதனால் ஜூனியர்களுக்கு நான்கே விஷயம். பழைய போர்டில் கை வைக்கும் முன் போட்டோ எடுங்கள். ஈப்ராம்களைப் படித்து காப்பி எடுத்து வையுங்கள், அவற்றின் நினைவும் நிரந்தரமில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள், இன்ஜினீயர் என்ற கௌரவம் பார்க்காதீர்கள். சரி செய்ததை எழுதி வையுங்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி வைத்ததால்தான் என் தவறுக்குப் பரிகாரம் கிடைத்தது. நானும் என் ஒயர் வரைபடத்தை நாலு பக்கம் எழுதி, நம் துறை லேபில் கொடுத்திருக்கிறேன்.

போர்டை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய டிவியோடு இணைத்துப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் ஆடினார். முதல் ஸ்டேஜிலேயே தோற்றார். "பேட்டரி எங்கப்பா?" என்றார்.

"இனிமே தேவையில்லைண்ணே" என்றேன்.