முதலில் நடு, பிறகு முடுக்கு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேசப் போவது, இதோ இந்த மேசைமேல் நிற்கும் ரேடியோ காரைப் பற்றி. விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேச இந்த மேடைதானா கிடைத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். இது உண்மைக் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. எடை பத்துக் கிலோவுக்கு மேல். பெட்ரோல் எஞ்சின். இத்தகைய வண்டிகள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவை. அந்த வேகத்தில் இது ஒரு பிள்ளையின் காலில் மோதினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டையை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது அடுக்குமாடி வீட்டில் ஏறக்குறைய ஐந்து மாடி உயரத்திலிருந்து, கீழே போட்டால் என்ன அடியோ, அதே அடி!

அப்படிப்பட்ட வண்டியை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்புவது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. அதன் பெயர் சர்வோ. அதைச் சரியாகப் பொருத்துவது எப்படி என்பதே என் பேச்சு.

உங்களில் பலர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள். லீவு நாளில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்கும் சிராங்கூன் சாலைக்கும் போவதுண்டு. அங்கிருந்து சற்றே நடந்தால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். ஒயர், சுவிட்சு, மீட்டர், மின்னணு உதிரிப்பாகம் எல்லாம் விற்கும் கட்டடம். பக்கத்தில் 1987-இல் திறந்த சிம் லிம் ஸ்குவேர். பழைய சாமான்களை வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கைவேலை கற்றுக்கொள்ள உதவிய சுங்கை ரோடு சந்தையும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். இப்போது எதையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். "அப்பா, ஸ்டியரிங் திரும்பமாட்டேங்குது, சர்வோவுக்குச் சக்தி பத்தல, பெரிசா ஒண்ணு வாங்கிக் கொடுங்க" என்று பிள்ளை கேட்பான். கையில் இருக்கும் வெள்ளியைக் கொடுக்குமுன் கொஞ்சம் பொறுங்கள், ஐயா. சக்தி போதாதது ஒரு காரணம்தான். பல நேரம் பொருத்தியதில் கோளாறு இருக்கும்.

சர்வோ என்றால் என்ன? இலத்தீன் மொழியில் 'செர்வுஸ்' என்றால் அடிமை. பிரான்சு நாட்டின் ஃபார்கோ என்ற பொறியாளர் நீராவியால் கப்பலின் சுக்கானைத் திருப்பும் இயந்திரத்தை அமைத்து, 1873-இல் 'சர்வோ மோட்டார்' என்ற பெயரில் ஒரு நூலே வெளியிட்டார். நம் பாட்டன் பாட்டிமார் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி வந்த ரஜூலா கப்பலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1926-இல் கட்டியது. அவ்வளவு பெரிய கப்பலின் சுக்கானை வெறும் கைப்பலத்தால் மட்டும் திருப்பிவிட முடியுமா? மாலுமி சக்கரத்தைத் திருப்புவார், இயந்திரம் சுக்கானைத் திருப்பும். மாலுமி சொன்ன இடம் வந்ததும் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். அந்த 'தானாக நிற்பது'தான் சர்வோவின் உயிர்.

இந்தச் சின்னப் பெட்டிக்குள்ளும் அதே கதைதான். உள்ளே ஒரு மோட்டார், சில பல்சக்கரங்கள், ஒரு மின்சுற்றுப் பலகை, கை எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் ஒரு மாறுமின்தடை. வண்டியிலுள்ள ரிசீவர் இதற்கு விநாடிக்கு ஏறக்குறைய 50 முறை ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால், துடிப்பு ஒன்றரைப் பங்கு நீளம் இருந்தால் 'நடுவில் நில்' என்று பொருள். குறைந்தால் ஒரு பக்கம், கூடினால் மறுபக்கம். சொன்ன இடமும் நிற்கும் இடமும் ஒன்றாகும்வரை மோட்டார் ஓயாது. வழியில் தடை இருந்தால் என்ன ஆகும்? நிற்காமல் முட்டிக்கொண்டே இருக்கும். சூடேறும், பாட்டரியை உறிஞ்சும், கடைசியில் பல் உடையும் அல்லது மோட்டார் கருகும். சர்வோ எவ்வளவு பலசாலியோ அவ்வளவு சேதம்.

பெட்டியில் '25 கிலோ' என்று போட்டிருக்கும். எப்போதும் 25 கிலோ இழுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நடுவிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் 25 கிலோ, இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் 10 கிலோதான். நீளக் கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன்மாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கம்பு நீள நீளக் கைக்கு எவ்வளவு பாரம் என்பது உங்கள் தோளுக்குத் தெரியும்.

இனி, மாணவர்களே, வேலையின் வரிசையைக் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, எஞ்சினை அணைத்து, வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாமல் வையுங்கள். சர்வோவையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் கையால் திருப்பிப் பாருங்கள். இரு பக்கமும் தடையில்லாமல் போக வேண்டும். மணல் அடைத்திருந்தால், கம்பி வளைந்திருந்தால், அதுதான் நோய். சர்வோவைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டாவது, சர்வோவின் கையைக் கழற்றுங்கள். ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு ரிசீவரைப் போடுங்கள். டிரிம், சப்-டிரிம் எல்லாம் சுழியில் இருக்கட்டும். சர்வோ தானாகவே நடுவுக்கு வந்து நிற்கும்.

மூன்றாவது, கையை இணைப்புக் கம்பிக்குச் செங்கோணமாகப் பொருத்துங்கள். பல சர்வோக்களின் தண்டில் 25 பல் உண்டு. ஒரு பல் தள்ளினால் 14 டிகிரிக்கு மேல் மாறும். ஆகவே மிக நெருங்கிய பல்லில் வைத்து, மீதியைச் சப்-டிரிம்மால் சரி செய்யுங்கள். 24 பல்லும் 23 பல்லும் உள்ளவை இருக்கின்றன. தண்டுக்குப் பொருந்தாத கையை அடித்து ஏற்றக்கூடாது. நடுவைக் கண்ட பிறகுதான் ஸ்குரூவை முடுக்க வேண்டும்.

நான்காவது, கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சக்கரங்களை நேராக்குங்கள்.

ஐந்தாவது, எல்லை. ரிமோட்டில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியே எல்லை வைக்கலாம். முதலில் பாதியாகக் குறைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சக்கரம் கடைசிவரை திரும்பிய பிறகும் சர்வோ 'ம்ம்ம்' என்று முனகினால் முட்டுகிறது என்று அர்த்தம். முனகல் நிற்கும்வரை பின்னால் வாருங்கள். இந்த ஒரு சத்தத்தைக் கேட்கப் பழகிய காது, ஒரு சர்வோவின் விலையை மிச்சப்படுத்தும்.

சில பெரிய வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு இரண்டு சர்வோ உண்டு. இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஒன்றை முழுதும் சரி செய்த பிறகே மற்றதன் கம்பியை மாட்டுங்கள். இழுக்காமல் தள்ளாமல் தானாக விழுந்து பொருந்த வேண்டும். இல்லாவிட்டால், ஒரே வண்டியில் பூட்டிய இரு மாடுகள் ஆளுக்கொரு திசையில் இழுப்பதுபோல, வண்டி சும்மா நிற்கும்போதே இரண்டும் சண்டை போட்டுச் சூடேறும்.

கடைசியாக, பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது. பெரிய சர்வோ முட்டும்போது பல ஆம்பியர் மின்சாரம் கேட்கும். பாட்டரி சிறிதாகவோ ஒயர் மெல்லியதாகவோ இருந்தால் அழுத்தம் விழுந்து ரிசீவரே செத்துவிடும். வண்டி கட்டுப்பாடின்றி ஓடும். சிக்னல் அறுந்தால் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு ரிசீவரில் உண்டு. ஆனால் ரிசீவருக்கே மின்சாரம் இல்லாதபோது அது எப்படி வேலை செய்யும்? ஆகவே வேகத்தைத் தானாக மூடும் சுருள்வில்லும், எஞ்சினை நிறுத்தும் தனிச் சுவிட்சும் அவசியம். சாலையிலும் நடைபாதையிலும் ஆள் நடமாடும் திடலிலும் இதை ஓட்டவே கூடாது.

பிள்ளை புதுச் சர்வோ கேட்டால் நீங்கள் மூன்றே கேள்வி கேளுங்கள்: "கம்பியைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தியா? நடு பார்த்தியா? எல்லை வச்சியா?" மூன்றுக்கும் "ஆமாம்பா" என்று செய்து காட்டினால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை பொம்மைக்காக அழவில்லை, ஒரு தொழிலுக்குத் தயாராகிறான் என்று அர்த்தம். ஆணானாலும் பெண்ணானாலும், நாளைக்கு ஒரு தொழிற்கூடத்தில் பெரிய இயந்திரத்தின்முன் நிற்கும்போது, இதே வரிசைதான் கை கொடுக்கும்.

விழா முடிந்ததும், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இந்த வண்டியைப் பிரித்து, நான் சொன்ன வரிசையில் பூட்டிக் காட்டுவார்கள். அனைவரும் இருந்து பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். பரிசு பெற்ற செல்வங்களுக்கு என் வாழ்த்து.