தோசையும் நம் நாவும்

(ஆயர் ஈத்தாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்பு நீர். கறுப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல் நூல்வழக்கில் 'ஹீத்தாம்'. ஊர்ப்பெயரில் ஹகரம் மறைந்து 'ஈத்தாம்' என்றாயிற்று. அதற்காக இவ்வூராரை எவரும் பழிப்பதில்லை.

ஆனால், அண்மையில் இங்குள்ள உணவுக்கடை ஒன்றில் வேறொரு காட்சியைக் கண்டோம். தோட்டத்திலிருந்து வந்திருந்த சிறுவன் ஒருவன் தோசை கேட்டான். உடனிருந்த நகரத்து உறவினர், "டோசா என்று சொல்லடா, தோட்டத்துப் பேச்சு இங்கு வேண்டாம்" என்று நகைத்தார். அதன்பின் சிறுவன் வாய் திறக்கவில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டினான்.

அச்சிறுவன் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. 'தம்பி' என்னும் சொல்லில் தகரம் வன்மையாக ஒலிக்கிறது. 'பந்து' என்பதில் அதே தகரம் மென்மையாக ஒலிக்கிறது. சொல்லின் முதலில் நிற்கும் வல்லெழுத்தை வன்மையாக ஒலிப்பதே தமிழின் இயல்பு. 'தம்பி' என்பதைப் போலவே 'தோசை' என்னும் மலேசியத் தமிழர், அவ்வியல்பின்படியே பேசுகின்றனர். நம்மிடமிருந்து இச்சொல்லைக் கற்ற மலாய்க்காரரும் அவ்வாறே கூறுகின்றனர்.

தமிழகத்தில் பலர், 'பந்து' என்பதிலுள்ள மென்மையோடு இச்சொல்லைத் தொடங்குவர். கன்னடர், தெலுங்கர், மலையாளிகள் வழக்கும் அதுவே. 'டோசா' என்பது வடஇந்தியர் நாவிலும் ஆங்கிலத்திலும் அமைந்த வடிவம். இவற்றுள் எதுவும் இழிந்ததன்று. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலிலேயே இவ்வுணவின் பெயர் காணப்படுகிறது. இத்துணைப் பழமையான பண்டம், நாட்டுக்கு நாடு வெவ்வேறு ஒலி பெறுவது இயற்கையே.

ஆகவே, பெற்றோர்களே, நகரத்துப் பள்ளிக்குச் செல்லும் உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடுகளை அன்போடு விளக்குங்கள். பிறர் வழக்கை மதிக்கவும், தம் வழக்கைக் கூச்சமின்றிப் பேசவும் பழக்குங்கள். ஒரு சொல்லுக்காக நகைக்கப்படும் குழந்தை, நாளடைவில் தமிழ் பேசுவதையே விட்டுவிடக் கூடும். ஒரு தோசைக்காக நாம் கொடுக்கத்தக்க விலையா அது?