குவாட் 2 என்னும் பழைய அம்பிளிபயர்

இங்கிலாந்தின் ஹன்ரிங்டன் நகரிலிருந்து பீற்றர் வாக்கர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட குவாட் 2 அம்பிளிபயரை இன்றும் பலர் பேணி வருகின்றனர். அதன் ஆற்றல் 15 வாற்று மாத்திரமே. வீட்டறைக்கு அது போதும். ஒரு தனிக் குரலை அதிற் கேட்டவருக்கு வாற்றுக் கணக்கு மறந்துபோகும்.

வாங்கியவர் உடனே அதனை மின்னோடு இணைக்க ஆசைப்படுவர். ஆபத்து அங்கேதான். முதுமையுற்ற கண்டென்சர்கள் மின்னைக் கசியவிடும். அதனால் கே.ரி. 66 என்னும் வெளியீட்டு வால்வுகள் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுத்துச் செஞ்சூடேறும். ஈற்றிலே மின்மாற்றியுங் கருகக்கூடும். வால்வை இன்றும் வாங்கலாம். அந்த மின்மாற்றியோ, வால்வின் அனோட்டை மட்டுமன்றிக் கதோட்டையுந் தன் சுருளோடு பிணைத்துக்கொண்ட தனிவகை. கருவியின் இனிமையிற் பெரும்பங்கு அதனுடையதே.

'மூலப்பொருள் எதையும் மாற்றலாகாது' என வாதிடுஞ் சேகரிப்பாளரும் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. சிறு கண்டென்சரைக் காக்கப்போய் மின்மாற்றியைப் பலிகொடுப்பது பேணுதலாகுமா? கழற்றியதை வேண்டுமானால் ஒரு பெட்டியில் இட்டு வைக்கட்டும்.

இன்னொன்று: நிறுத்திய பின்னரும் உள்ளே 300 வோல்ற்றளவு மின் தேங்கி நிற்கக்கூடும். ஆதலால், தொழிலறிந்தவரிடமே அதைத் திறக்கக் கொடுங்கள்.