தலைக்குள் இரும்பா?



எங்கள் ஊர் சித்தூர் பக்கம். எங்கள் தெருப் பாட்டிக்கு 70 வயது. தலைசுற்றல் வந்தது. திருப்பதிக்குப் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படித்தான். "பாட்டி, உன் மூளையில இரும்பு சேர்ந்திருக்குதாம்" என்றான்.

அவ்வளவுதான். பாட்டி முருங்கைக்கீரையை விட்டுவிட்டார். பேத்தி கர்ப்பமாக இருந்தாள். அவளுடைய இரும்புச் சத்து மாத்திரைகளையும் எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. பேத்திக்கு ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் போனால் உயிருக்கே ஆபத்து.

டாக்டரிடம் கேட்டு வந்தேன். கேட்டதைச் சொல்கிறேன்.

மூளைக்கும் இரும்பு வேண்டும். கை கால் அசைவைச் சீராக்கும் இடம் மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அங்கே அது அதிகமாகத் தங்குகிறது. ஆணி, கம்பி போல அல்ல. கண்ணுக்குத் தெரியாத பொடியாக. 1958இல் சுவீடன் நாட்டில் ஹால்கிரென், சௌரந்தர் என்ற இருவர் இறந்தவர்களின் மூளையில் இதை அளந்தார்கள். பிறக்கும்போது மிகக் குறைவு. சில இடங்களில் 30 வயதுக்குள்ளேயே ஏறிவிடுகிறது. சில இடங்களில் இன்னும் மெதுவாக ஏறுகிறது.

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். இரும்பு உள்ள இடம் அதன் படத்தில் கறுப்பாக விழும். உள்ளே போகுமுன் மெட்டி, ஊக்கு, தாலி எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற அழும் தாய்மார்கள் உண்டு. மஞ்சள் துண்டு கட்டிய கயிறு போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வயதானால் சுண்ணாம்பும் படியும். சி.டி. ஸ்கேனில் அது வெள்ளையாகத் தெரியும். மூளை நடுவில் அரிசி மணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பெரியவர்கள் பலருக்கு அதில் சுண்ணாம்புத் துகள் உண்டு. டாக்டர்கள் அதை 'மூளை மணல்' என்கிறார்கள்! ஆனால் வலிப்பு உள்ளவருக்குத் தெரியும் புள்ளி வேறாக இருக்கலாம். நாடாப்புழுவின் முட்டை உணவோடு வயிற்றுக்குள் போனால், அதன் குஞ்சு மூளையில் தங்கிச் சுண்ணாம்பாகிவிடும். கை நடுக்கம், நடைத் தடுமாற்றம், மறதி இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முன்பு மூளை நோய்க்கு நம் ஜனங்கள் வேலூர் சி.எம்.சி.க்குத்தான் போவார்கள். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கே அந்தப் பிரிவைத் தொடங்கினார். 1993 முதல் திருப்பதியிலேயே ஸ்விம்ஸ் இருக்கிறது.

பாட்டியின் தலைசுற்றல் காதுக் கோளாறால் வந்தது. இரும்பால் அல்ல. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ உன் தலையிலயும் இரும்பு இருக்குதா கண்ணு?" என்றார்.

"இருக்கு பாட்டி."

பரணிலிருந்து மாத்திரையை இறக்கி, அவரே பேத்தி கையில் கொடுத்தார்.